விளக்கையும் காணோம்

யுவேசூ: வாஷிங் மெஷினுக்குப் பின்னால பாத்தியா?

தேஷெங்: பாத்தாச்சு.

யுவேசூ: செருப்பு அலமாரி?

தேஷெங்: எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டுப் பாத்தாச்சு, அக்கா.

யுவேசூ: அதான் வாசல்ல கடை விரிச்ச மாதிரி கெடக்குதா... நான் வீட்டைக் காலி பண்றீங்களோன்னு பயந்துட்டேன்.

தேஷெங்: குடி வந்தே ஒரு மாசந்தான் ஆகுது. விளையாடாம டார்ச்சைப் புடி.

யுவேசூ: ஞாயித்துக்கிழமையும் அதுவுமா மீன் உருண்டை சூப்பை வாயில வெக்கப் போறேன்... "அக்கா, சேம்பைக் காணோம்"னு அலறுற. கடைக்குப் போயி ரெண்டு கிலோ வாங்கிக்கோடான்னு போனை வெக்கப் பாத்தேன்.

தேஷெங்: கிழங்கு இல்லக்கா, ஆமை! பெய்லானோட ஆமை!

யுவேசூ: உன் பொண்டாட்டி ஆமைக்குப் போயி சேம்புன்னு பேரு வெச்சா நான் என்ன பண்றது? எவ்வளவு பெருசு இருக்கும்?

தேஷெங்: உள்ளங்கை அளவுதான். குட்டி.

யுவேசூ: கடைசியா எப்பப் பாத்த?

தேஷெங்: அவ ஊருக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி.

யுவேசூ: அவ பிங்துங் போயி ஒரு வாரம் ஆச்சேடா!

தேஷெங்: குடி வந்த புதுசுல அவதான் சொன்னா, அக்கா! புது வீட்டுக்கு வந்தா குட்டி பயந்து ஒளிஞ்சுக்கும், நோண்டாதே, பழகுறவரைக்கும் அதும்பாட்டுக்கு விடுன்னு. நானும் அந்தக் கவுத்து வெச்ச பானைக்குள்ளதான் இருக்குன்னு நெனச்சு... இலையைப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவேன்.

யுவேசூ: இலையைத் தின்னுச்சா?

தேஷெங்: வாடிப் போயிருக்கும். எடுத்துப் போட்டுட்டு வேற வெப்பேன்.

யுவேசூ: ஒரு வாரமா வெறும் பானைக்குச் சோறு போட்டிருக்க.

தேஷெங்: இன்னிக்கிக் காலையில சும்மா தூக்கிப் பாத்தேன்... வைக்கோல் மட்டும் இருக்கு. ஒண்ணுமே புரியல. தொட்டி விளிம்பு இவ்வளவு ஒசரம். அது எப்படி ஏறும்?

யுவேசூ: நகரு, தொட்டியைப் பாக்கறேன்... இங்க மேல ஒரு கொக்கி இருக்கே, எதுக்கு?

தேஷெங்: சூடு விளக்கு மாட்டறதுக்கு.

யுவேசூ: விளக்கு எங்க?

தேஷெங்: அதுலதான் இருக்கு.

யுவேசூ: எதுல?

தேஷெங்: அந்தக் கொக்கியில... அட. இங்கதானே இருந்துச்சு...

யுவேசூ: ஆமை நடந்து போச்சு, சரி. விளக்கு எப்படிடா நடந்து போகும்?

தேஷெங்: திருடனா இருக்குமோ?

யுவேசூ: டிவியை விட்டுட்டு, உன் லேப்டாப்பை விட்டுட்டு, ஆமையைத் தூக்கிட்டு, பாவம் குளிருமேன்னு விளக்கையும் தூக்கிட்டுப் போயிருக்கான். ரொம்ப நல்ல திருடன்.

தேஷெங்: எனக்குத் தலை சுத்துது, அக்கா. வேற எப்படித்தான் போயிருக்கும்?

யுவேசூ: போன் அடிக்குது பாரு.

தேஷெங்: ஐயோ... பெய்லான்.

யுவேசூ: ஸ்பீக்கர்ல போடு. உண்மையச் சொல்லிடு.

தேஷெங்: நீ வாயைத் தொறக்காத... ஹலோ, பெய்லான்? உங்கம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?

பெய்லான்: பரவால்ல. மாடிப்படி ஏறுறாங்க. அங்க மழையா?

தேஷெங்: எப்ப நின்னுச்சு? ஈரம் உறிஞ்சுற மிஷின்ல சேர்ற தண்ணியைக் கொட்டிக் கொட்டியே கை ஓஞ்சு போச்சு.

பெய்லான்: சேம்பு என்ன பண்றான்?

தேஷெங்: அவனுக்கென்ன... ராஜா மாதிரி இருக்கான்.

பெய்லான்: இன்னிக்கு என்ன சாப்பிட்டான்?

தேஷெங்: கள்ளி. நீ ஃப்ரிட்ஜில வெச்சிட்டுப் போனியே, அது. முழுசா... தட்டுல ஒண்ணும் மிச்சமில்ல.

பெய்லான்: அப்படியா? முள்ளை எடுத்துட்டுத்தானே குடுத்த?

தேஷெங்: பின்ன! ஒவ்வொண்ணா எடுத்தேன்.

யுவேசூ: அளவா அளந்து விடுடா...

பெய்லான்: யாரு பக்கத்துல?

தேஷெங்: டிவி.

பெய்லான்: ம்ம். மூக்குல நுரை வந்துச்சே, நின்னுச்சா?

தேஷெங்: நுரையா?... ஆங், நுரை. நின்னுச்சு நின்னுச்சு.

பெய்லான்: விளக்குக்கு அடியில வந்து உக்காருறானா?

தேஷெங்: காலை நீட்டிட்டுப் படுத்துக்கறான். நீ பாக்கணுமே!

பெய்லான்: எந்த விளக்குக்கு?

தேஷெங்: அதான்... நம்ம சூடு விளக்கு...

யுவேசூ: சொல்லித் தொலைடா. ஆமை செத்துக் கித்துப் போயிருந்தா இன்னும் எத்தனை நாளைக்குக் கள்ளி ஊட்டுவ?

பெய்லான்: டிவி உங்க அக்கா மாதிரியே பேசுது.

தேஷெங்: பெய்லான்... நான் சொன்னதெல்லாம் பொய். சேம்பைக் காணோம். எப்ப போச்சு, எப்படிப் போச்சு... ஒண்ணும் தெரியல. விளக்கையும் காணோம். நீ கேக்கும்போதெல்லாம், பானைக்குள்ளதானே இருக்கும்னு வாயில வந்ததைச் சொன்னேன். ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கலாம். அவ்வளவுதான் வேலை. அதைக்கூடப் பண்ணல. இந்த ஈரத்துல எந்த மூலையில கெடக்குதோ...

பெய்லான்: அழறியா?

தேஷெங்: இல்ல.

யுவேசூ: அழறான்.

தேஷெங்: ஒரு ஆமைக்குட்டிக்காக ஏன் அழறேன்னு எனக்கே தெரியல.

பெய்லான்: கண்ணைத் தொடைச்சுக்கோ. சேம்பு இங்கதான் இருக்கான். என் மடியில.

தேஷெங்: என்ன?

யுவேசூ: என்னது?

பெய்லான்: நான்தான் கூடவே எடுத்துட்டு வந்தேன். விளக்கையும் சேத்துத்தான். நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு டாக்டர் ஊசி போடறாரு. நேத்துதான் மல்பெரி இலையில ஒரு கடி கடிச்சான்.

தேஷெங்: உயிரோட இருக்கானா... அப்பாடா... ஏய், அப்ப இத்தனை நாளா என்கிட்ட எதுக்கு ஒவ்வொண்ணாக் கேட்ட? என்னைப் பைத்தியக்காரனாக்கவா? எடுத்துட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

பெய்லான்: சொன்னேன்.

தேஷெங்: எப்ப?

பெய்லான்: கெளம்புறதுக்கு முந்தின ராத்திரி. படுக்கையில உக்காந்து போனைத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டிருந்த. "சேம்பைக் கூட்டிட்டுப் போறேன், அவனுக்கு மூச்சு எரைக்குது"ன்னேன். "ம்"ன. கேட்டுச்சுன்னுதான் நெனச்சேன். இங்க வந்ததும் போன் பண்றேன்... "சேம்பு நல்லா சாப்பிடுது"ங்கற. சேம்பு என் கையில இருக்கான். எனக்குச் சிரிக்கிறதா என்னன்னே தெரியல.

தேஷெங்: அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

பெய்லான்: நாளைக்காவது பானையைத் தூக்கிப் பாப்பன்னு நெனச்சேன். மறுநாளும் அதேதான் நெனச்சேன்.

யுவேசூ: நான்... அடுப்படியில போயி சூப்பைச் சூடு பண்றேன்.

தேஷெங்: பெய்லான்... அன்னிக்கு ராத்திரி வேற ஏதாவது சொன்னியா?

பெய்லான்: சொன்னேன்.

தேஷெங்: என்ன சொன்ன?

பெய்லான்: "சேம்பு இனிமே இந்த வீட்டுக்கு வரமாட்டான்"னு சொன்னேன். "அப்ப நீ?"ன்னு கேப்பன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அதுக்கும் "ம்"னுட்டு விளக்கை அணைச்சிட்டுப் படுத்துட்ட.

தேஷெங்: அப்ப... நீ?

பெய்லான்: அம்மாவுக்கு முட்டியில ஒண்ணுமில்ல, தேஷெங். வரமாட்டேன்னு முடிவு பண்ணித்தான் கெளம்பி வந்தேன். இப்ப நீ ஆமைக்காக அழறதைக் கேட்டதும்... தெரியல. நிஜமாவே தெரியல. நாளைக்கும் கேளு.