மாற்றம் இருப்பதாகச் சொன்னார்கள்

என் பெண் ஸ்வாதி கீழே காபி குடிக்கப் போயிருக்கிறாள். நன்றாக ஆறவைத்துத்தான் குடிப்பாள், அதனால் நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது, டாக்டர். அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருடம் முன்பு இதே அறையில்தான் என் ரத்தப் பரிசோதனையின் முடிவைச் சொன்னீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. என் அக்கா மங்களம் மார்புப் புற்றுநோயில் இறந்த வருடம் அது. எனக்கும் அது வருமா என்று பார்க்கத்தான் அந்த டெஸ்ட். கட்டி வளராமல் தடுக்கிற ஒரு புரதத்தில், ஒரு அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு வேறொன்று மாறி இருப்பதாகச் சொன்னீர்கள். என் முகம் மாறியதைப் பார்த்து உடனே சிரித்தீர்கள். ஒருவருக்குக் காது மடல் ஒட்டியிருக்கும், இன்னொருவருக்குத் தொங்கும், அந்த மாதிரிதான், நிறைய பேருக்கு உண்டு, ஒன்றும் செய்யாது என்றீர்கள். அக்காவின் நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றீர்கள். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லவே மாட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர் மணவாளன் என்னைவிட்டுப் போவதாக இருந்தார். அவருக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். திருவேற்காட்டில் ஒரு பெண்ணோடு இருக்க வீடு பார்த்துவிட்டார். கெட்டவர் இல்லை, மறைக்காமல் என்னிடம் சொன்னார். ஸ்வாதியின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்றுதான் காத்திருந்தார்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னா சொன்னாங்க?”

“மாத்தம் கீதுன்னு சொன்னாங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. மீதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையில் கை வைத்தார். அவர் என்னைத் தொட்டு வெகு காலம் ஆகியிருந்தது. சாப்பிட்ட பிறகு மீதியைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு, காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. திருவேற்காட்டுப் பெண் அப்போது முழுகாமல் இருந்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் புறப்படுவேன். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, இந்த வாட்டி ஒன்றுமில்லையாம் என்று வந்து சொல்வேன். அவர் கண் கலங்கும். அன்றைக்கு என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. சொல்ல நாக்கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது.

ஸ்வாதியைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவளுக்கு அவர்தான் சொல்லியிருக்கிறார். ஒருநாள் அடுப்படியில் வந்து நின்றாள்.

“அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி சான்ஸாம்மா. எனக்கும் வந்திருக்குமா?”

அவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சாமி காப்பாத்தும் என்றேன்.

அதன்பிறகு அவள் குளிக்கப் போனால் வெகு நேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்காது. மார்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கதவுக்கு வெளியே நிற்பேன். தட்டமாட்டேன். நானும் டெஸ்ட் எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டொரு தடவை கிளம்பினாள். தெரிந்துவிட்டால் அப்புறம் தூக்கமே இருக்காது என்று அழுது அழுது தடுத்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளோடு வேலை பார்த்த கார்த்திகேசன், கள்ளிக்குப்பத்துப் பையன், வீட்டுக்கு வந்து பெண் கேட்டான். இதை ஒரு குழந்தைக்குக் கொடுக்கமாட்டேன் என்று ஸ்வாதி மறுத்தாள். குழந்தையே வேண்டாம், நீ போதும் என்றான். எங்கள் எதிரில்தான் சொன்னான்.

“ஆஸ்பத்திரி வாசல்ல உன்னை உக்கார வைக்க எனக்கு மனசு வரல. நீ போயிடு” என்றாள் அவள்.

நான் அவர்களுக்கு டீ போட உள்ளே போனேன். ஏலக்காய்கூடத் தட்டிப் போட்டேன். போன தை மாதம் அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

இப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. இரண்டு மார்பையும் எடுத்துவிடுங்கள் என்று ஒரு சர்ஜனிடம் போய்க் கேட்டிருக்கிறாள். டெஸ்ட் எடுக்காமல் கத்தி வைக்கமாட்டேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ என்று அவர் உங்களிடம் அனுப்பிவிட்டார். இந்தத் தடவை என் அழுகைக்கு அவள் நிற்கவில்லை.

அவளுடைய ஏழு வருடத்தையும் அந்தப் பையனையும் அவளிடமிருந்து பறித்தது நான்தான். என்னைத் தவிர யார்மேலும் தப்பில்லை. சாப்பாடு போடும்போதுகூட என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. தட்டைப் பார்த்துத்தான் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், டாக்டர். அவளுக்கும் அதே மாற்றம் இருந்தால், அது ஒன்றும் செய்யாது என்று சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த கேள்வியை என்னைப் பற்றித்தான் கேட்பாள். உனக்கு வரவில்லை, உன் அம்மாவோடு நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். பெற்றவளைப் பற்றி இப்படியொன்று தெரிந்தால் அந்தப் பிள்ளை தாங்காது. எனக்காக இல்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன்.