குட்டி ரயில் ஏறும் உயரம்

மே மாத வெயிலில் பஸ் செம்பட்டியைத் தாண்டியது. எனக்கு முன்சீட்டில், தூங்கும் மகளை மடியில் சாய்த்திருந்த பெண் கணவனிடம் சொன்னாள்:

"நம்ம பாப்பா அங்க முழங்கால மடக்கிக்கிட்டு நின்னுச்சுங்க."

"எங்க?"

"பார்க்குல, குட்டி ரயிலுக்கு உயரம் பாக்கயில. நீங்க தண்ணி வாங்கப் போயிருந்தீக. செவப்புக் கோட்டுக்கு மேல வளந்த பிள்ளைகள ஏத்த மாட்டாகளாம். நேரா நில்லுன்னு சொல்லி, வெளிய அனுப்பிட்டாக."

"போன வருசமே கூட்டியாந்திருக்கணும்."

"அதுக்கு முந்துன வருசமே கேட்டுச்சு. வெயிலு, வேலைன்னு நாமதான் தள்ளிப் போட்டோம்."

அவர் மகளின் கால்களைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அழுதுச்சா?"

"இல்ல. 'நான்தாம்மா வெரசா வளந்துட்டேன்'னு சொல்லுச்சு."