எகிட்னாவை எங்கே எடுத்தீர்கள்?

"ஹலோ... ஆமா, ஆமா, காட்டுயிர் மீட்புக்குழு மெர்ல்தான். நீங்க அனுப்புன படத்தைப் பார்த்துட்டுத்தான் மூணு தடவை கூப்பிட்டேன் நெவில்... இன்னிக்கு உங்க சொற்பொழிவா? மூணு மணிக்கு, நூலகத்துல. சரி. எகிட்னா எங்க?... அட்டைப்பெட்டியில. அதை எங்க எடுத்தீங்க?"

மெர்ல் கார்சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். படத்தில் இருந்தது எகிட்னா, உடம்பெல்லாம் முள்ளும் நீண்ட மூக்குமாக எறும்பு தின்னும் பிராணி. நெவில் ஆஷ்கிராஃப்ட் அந்த ஆஸ்திரேலியச் சிற்றூரின் வரலாற்றுக் கழகத் தலைவர். மணி கேட்டால் கடிகாரத்தின் வரலாற்றைச் சொல்பவர்.

"பேரு கேக்கல, இடம் கேட்டேன்... ம். பாதிப் பொம்பளை, பாதிப் பாம்பு. கிரேக்க அரக்கருக்கெல்லாம் அம்மா... ம். சும்மா விரியன் பாம்புன்னும் அர்த்தம்... கடல் விலாங்கு ஒண்ணுக்கும் அதே பேரா... முள்ளெலியோட பேர்லருந்து வந்துச்சுன்னு இன்னொரு கட்சி. ரொம்ப சந்தோஷம். எங்க எடுத்தீங்க?... ரோட்டோரம்னா நாப்பது கிலோமீட்டர் இருக்கு.

"தவிச்சுக்கிட்டு ஒண்ணும் இல்ல, அதுபாட்டுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு... படத்துல நீங்க அதைத் தூக்கி வச்சிருக்கற கோட்டுல பாருங்க, வெள்ளையா ஈரம். அது பால், தலைவரே... ஆமா, முட்டையும் போடும், பாலும் குடுக்கும். குட்டியை வளைக்குள்ள வச்சு, வாசலை மண்ணால மூடிட்டு இரைக்குப் போகும். அஞ்சாறு நாளைக்கு ஒருதடவைதான் வந்து பால் குடுக்கும். என்னிக்கு எடுத்தீங்க?... செவ்வாய். இன்னிக்கு வெள்ளி. எடுத்த இடத்துலயே விட்டாத்தான் அதுக்கு வளை தெரியும். இல்லன்னா குட்டி பட்டினி கிடந்து சாகும். இப்ப சொல்லுங்க.

"கூட்டம் முடிஞ்சு சொல்றீங்களா? ஏன்?... மேயரம்மா வந்தா எனக்கென்ன? நானும் வர்றேன். முதல் வரிசையில எந்திரிச்சு நின்னு இதே கேள்வியைக் கேக்கறேன்... அப்ப சொல்லுங்க. காருக்குள்ள இருந்தே பார்த்தீங்களா?... இறங்கினீங்க. எதுக்கு?... நெவில், எதுக்கு இறங்கினீங்க?

"ஓ.

"முன்னோடிகள் நினைவுத்தூணுக்குப் பின்னாடி. போன மாசம் நீங்களே மாலை போட்டு முக்கால் மணி நேரம் பேசுன தூணு... அவசரம், புரியுது... ஒதுங்க வேற மரமே கிடைக்கலையா?... யார்கிட்டயும் சொல்லல. எந்தப் பக்கம் நின்னீங்க?... இடதுன்னா ரோட்டைப் பார்த்தா, தூணைப் பார்த்தா?... அங்க இருபது புதர் இருக்கு. அப்ப நீங்களே வந்து காட்டுங்க... மூணு மணின்னு எனக்கும் தெரியும். கூட்டம் காத்திருக்கட்டும். அங்க மண்ணுக்குள்ள ஒண்ணு மூணு நாளா காத்துக்கிட்டிருக்கு... ஆமா... ஆமா. பெட்டியோட வாசல்ல நில்லுங்க. வண்டியில ஏறினதும் பேசாம வரணும்."

வைத்துவிட்டாள்.