கிட்டங்கிக் கொட்டில்

பின்னேரம் ஆறேகால். மஃரிப் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். கிட்டங்கியிலிருந்து கல்முனைக்கு வரும் வீதி... இரண்டு பக்கமும் தண்ணீர். வீடில்லை, விளக்கில்லை. ஒரே ஒரு சைக்கிள். அதன் டைனமோ மட்டும் உர்ரென்று இரைகிறது.

சைக்கிளில் வந்தவர் என் கூட்டாளி சுல்பிகாவின் சாச்சா, அவள் வாப்பாவின் தம்பி. பெயர் ஆதம்பாவா. தச்சுவேலை. இது நடந்தது எழுபத்தொன்பதில். ஆனால் கதை அதற்கு முந்திய வருடம் தொடங்கியது. நெருங்கி இருங்கள், சொல்கிறேன்.

கிட்டங்கி ஓரத்தில், எல்லாரும் அண்ணன் முறையில் கூப்பிடும் மஜீட் காக்காவுக்கு ஒரு சின்ன வளவு. அதில் ஒரு கொட்டில், கொட்டிலில் ஒரு வெள்ளைக் குதிரை. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் அந்தக் குதிரைதான். ஆதம்பாவாவும் அதில் ஏறிப் போய்த்தான் மணப்பெண் றஹீமாவின் வாசலில் இறங்கினார்.

எழுபத்தெட்டு ஐப்பசியில், மாரிக்கு முன் கொட்டிலைச் சரிக்கட்ட மஜீட் இரண்டு கூட்டாளிகளைக் கூப்பிட்டார். சேனைக்குடியிருப்புக் கந்தப்போடி மண் கொட்டி நிலத்தை உயர்த்தினார். மஜீட் கூரைக்குக் கிடுகு வேய்ந்தார். மேட்டுப் பக்கம் பார்த்த பின்கதவு ஆதம்பாவாவின் பொறுப்பு. வெள்ளம் வந்தால் மட்டும் திறக்கிற கதவு அது.

“ஒரு இழுவையில திறபடோணும் தம்பி. மரத் தாள் போடு,” என்றார் மஜீட்.

அன்று ஆதம்பாவாவுக்கு இன்னொரு வீட்டில் வேலை காத்திருந்தது. தாழ்ப்பாளுக்கு மரம் சீவப் பொறுமையில்லை. கட்டுக்கம்பியைச் சுற்றி, குறட்டால் ஏழெட்டு முறுக்கு முறுக்கினார். நாளைக்கு வந்து செய்யலாம் என்ற எண்ணம். போகும்போது, “தாள் போட்டுட்டன் காக்கா,” என்று வேறு சொன்னார்.

அந்த நாளை வரவேயில்லை. கார்த்திகையில் சூறாவளி வந்தது.

நெஞ்சளவு வெள்ளத்தில், இருட்டில், மஜீட் வெறுங்கையால் அந்தக் கம்பியோடு மல்லுக்கட்டினார். விரல்கள் கிழிந்ததுதான் மிச்சம். உள்ளே குதிரை பலகையை உதைத்தது. டக்... டக்... டக்... பிறகு உதைக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் மஜீட் ஒரு கேள்விதான் கேட்டார். “பின்கதவ ஆர் கம்பியால கட்டின?”

ஆதம்பாவாவின் நாக்கு தானாகவே அசைந்தது. “நான் தாள் போட்டுட்டுத்தான் போன. எனக்குப் பொறகும் கந்தப்போடிதான் அங்க நிண்ட...”

கந்தப்போடி சத்தியம் பண்ணினார். மஜீட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது வருடக் கூட்டு அன்றோடு முறிந்தது. ஆதம்பாவா பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஐப்பசி. மஜீட் புதிதாக ஒரு குதிரைக்குச் சொல்லிவைத்திருந்தார். மறுபடி கட்டிய கொட்டிலுக்குக் கதவு போட ஆதம்பாவாவைத்தான் கூப்பிட்டார். இந்த முறை முதிரை மரத்தில் தாள் சீவி, நூறு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார்.

அந்த ஆறேகால் மணிக்கு... அந்த வீதியில்...

டொக். டொக். டொக்.

பின்னால் குளம்புச் சத்தம். சைக்கிளை நிறுத்தினார். சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தார். வெறும் வீதி. மிதித்தார். டொக். டொக். வேகமாக மிதித்தார். அதுவும் வேகமாக... ஊறிய வைக்கோலின் நாற்றம், நனைந்த மயிரின் நாற்றம். பிடரியில் சூடாக, ஈரமாக, ஒரு மூச்சு.

வாயில் கலிமா பாதியில் நின்றது. சேனைக்குடியிருப்பில் முதல் விளக்கு தெரிந்ததும் கைகள் தாமாகவே சைக்கிளை ஒரு சின்ன ஒழுங்கைக்குள் திருப்பின. கந்தப்போடியின் வீடு. ஒரு வருடமாக அவர் தலை குனிந்து கடந்துபோன வாசல்.

கந்தப்போடி கதவைத் திறந்தார்.

“கம்பி கட்டின நான்தான் அண்ணன்,” என்றார் ஆதம்பாவா. “ஒங்கட தலையில போட்டதும் நான்தான்.”

கந்தப்போடியின் பெண்சாதி வல்லியம்மை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

“ஒரு வருசம்,” என்றார் கந்தப்போடி. “சந்தையில கண்டாலும் மஜீட் மறுபக்கம் போவான், தெரியுமா?”

“நாளைக்குக் காலையில காக்காக்கிட்டச் சொல்றன். சத்தியமா.”

“உன்ட நாளை எனக்கு வேணாம்.” கந்தப்போடி சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். “இப்பவே ரெண்டு பேரும் போவம். எழும்பு.”

ஆதம்பாவா எழும்பினார். அப்போது வல்லியம்மை உள்ளே வந்தாள். வாளியில் தண்ணீர் அப்படியே தளும்பியது.

“பாவம், களைச்சுப்போய் நிக்குதெண்டு உங்கட குதிரைக்குத் தண்ணி வெச்சன்,” என்றாள். “குடிக்குதில்ல. வாசல் படலைக்க நிண்டு... நீங்க எப்ப வெளியில வருவீங்க எண்டு பாத்துக்கொண்டு நிக்குது.”