காலி மேடையின் படம்

கதவருகில் இருப்பவர் சற்று உள்ளே தள்ளி அமருங்கள். இது என் நண்பனின் அண்ணிக்கு நேர்ந்தது. அவர் வாயால் கேட்டதை மட்டுமே சொல்கிறேன்.

மாலை ஆறு மணி. ரயில் பாதைக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே ஆளற்ற ஒரு சாலை... அதன் முடிவில் ஓர் அரங்கம். உள்ளே ஈரத்திரையின் வாடை. சூடேறிய விளக்குகளில் தூசி கருகும் வாடை. இருந்தவர்கள் மூவரே: நடனக்காரர், விளக்குக்காரர், அண்ணி.

அண்ணியின் வேலை யாதெனில், நடனக்காரரின் அசைவைக் கொண்டே ஒலிகளை எழுப்புவது. பார்வையாளர் இருக்கைகளின் நடுவே மேசை போட்டு அமர்ந்து, கணினித் திரையில் சிறு பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைப்பார். கேமராவுக்கு ஒரு பெட்டி, ஒப்பிடுவதற்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. முதலில் காலி மேடையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் மேடையின் எந்த இடம் அப்படத்திலிருந்து மாறுபடுகிறதோ, அந்த இடத்துக்குரிய ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். இருளிலும் பார்க்கவல்ல கேமரா அது. ஆனால் மேடையை மட்டுமே பார்க்கும்.

முன்னர் இவ்வொலிகளை விசை அமுக்கி எழுப்பியவர் விளக்குக்காரர். ஆதலால் அவருக்கு மனத்தாங்கல். அன்றைய ஒத்திகை சரியாக அமைந்தால் வேலை அண்ணிக்கு. தவறினால், பழையபடி அவருக்கு.

படத்தைக் காலையிலேயே எடுத்தாயிற்று. பிற்பகல் வரை ஒரு பிழையும் இல்லை.

மாலையில் நடனக்காரர் மேடையின் முன்பகுதியில் வந்து அசையாது நின்றார். அவ்விடத்துக்கு ஒலி ஏதும் கிடையாது. அந்த மௌனமே நடனத்தின் உயிர். அப்போது... பின்புற மூலைக்குரிய ஒலி.

க்ர்ர்ரீச்...

நாற்காலியைத் தரையில் இழுக்கும் ஒலி. மூலையிலோ யாரும் இல்லை.

“ஏம்மா, நான் மூச்சைக்கூடப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். உன் பொட்டி ஏன் கத்துது?” என்றார் நடனக்காரர்.

“பசிக்குதோ என்னவோ,” என்று சிரித்தார் விளக்குக்காரர். “என் விரலுக்கு இந்த வியாதியெல்லாம் கிடையாது.”

அண்ணிக்கு அவர் மேல் சந்தேகம் எழுந்தது. பின்திரையில் ஒரு நூலைக் கட்டி இழுத்தால் போதுமே!

“அண்ணே, இங்க வாங்க. ரெண்டு கையையும் என் மேசை மேல வைங்க.”

“திருடன் மாதிரியா?”

“அப்படியேதான்.”

வந்தார். வைத்தார். அண்ணி அவ்விரல்களையே உற்றுப் பார்த்திருந்தார்...

க்ர்ர்ரீச்.

விரல்கள் அசையவில்லை. சிரிப்பு மட்டும் நின்றுபோயிற்று.

அண்ணி ஒப்பிடும் பெட்டியைத் திறந்தார். மாறுபட்ட இடம் அதில் வெள்ளையாகத் தெரியும். முன்னே நடனக்காரரின் வெள்ளை உருவம். மூலையில்... இன்னொன்று. ஆள் உயரம்.

விளக்குக்காரர் மேடையேறி மூலைக்குள் கையை நீட்டித் துழாவினார். “வெறும் காத்துதான் மேடம். ஒண்ணுமே இல்ல.”

ஒன்றும் இல்லை. அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. புதிதாக வந்தது மட்டும் மாறுபாடு அன்று. முன்பு இருந்து இப்போது இல்லாமற்போனதும் மாறுபாடே.

காலையில் எடுத்த படத்தைத் திறந்தார்.

மூலையில் ஒருவர் நின்றிருந்தார். சுவரைப் பார்த்தபடி. அந்தப் படத்தை எடுத்தபோது கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. அண்ணி தனியே இருந்தார். பிற்பகல் வரை மூலை ஒலிக்கவில்லை. ஆகவே அதுவரை அந்த உருவம் அங்கேயே நின்றிருக்கிறது... நடனக்காரர் ஆட ஆட. மாலையில்தான் விலகியிருக்கிறது.

சொன்னால் ஒத்திகை நிற்கும். வேலையும் போகும். அண்ணி சொல்லவில்லை.

“ரெண்டு பேரும் இறங்குங்க. புதுசா ஒரு படம் எடுத்துக்கிறேன்.”

எடுத்தார். நடனக்காரர் மீண்டும் நின்றார். மௌனம். நீண்ட, குறையற்ற மௌனம். மூலை வாய் திறக்கவில்லை.

“இதுதாம்மா வேணும்! வேலை உனக்குத்தான்,” என்றார் நடனக்காரர்.

விளக்குக்காரர்கூட மேடையோரம் நின்று கை தட்டினார். தட்டியவர்... அண்ணி இருந்த பக்கம் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

அண்ணி புதிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடை காலி. உண்மையிலேயே காலி. அப்படியாயின், அது இறங்கிப் போனது எங்கே?

அவ்வரங்கின் இருக்கைகள், அமர்ந்தவர் எழுந்தவுடன் தாமாகவே மடங்கிக்கொள்பவை. அண்ணி தலை நிமிர்ந்தார். வரிசை வரிசையாக எல்லாம் மடங்கியே இருந்தன. அவருக்கு வலப்பக்கத்து இருக்கை மட்டும்... விரிந்திருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது மடங்கிற்று.

டக்.