டச் அண்ட் கோ

இங்கிலீஷ் டீச்சருங்களா? நல்லதாப் போச்சு. பட்டுக்கோட்டை வர்றதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கிறேன். டச் அண்ட் கோன்னா என்னங்க?

இருங்க, இருங்க, இப்பவே சொல்லிடாதீங்க. எங்க கேட்டேன்னு மொதல்ல சொல்லிடுறேன். எங்களுக்கு அதிராம்பட்டினம். வீட்டுக்காரரு பேரு உத்திராபதி, கடலுக்குப் போறவரு. திங்கக்கிழமை வலை இழுக்கயில கால் வழுக்கி, இஞ்சின் மேல தலை அடிக்க விழுந்துட்டாரு. தஞ்சாவூர்ல கொண்டாந்து சேத்தோம். கண்ணாடி ரூம்புல போட்டுட்டாங்க. யாரையும் உள்ள விடல.

நேத்துக் காலையில பெரிய டாக்டரு வந்தாரு. கூட இருந்த டாக்டரம்மாகிட்ட என்னமோ பேசிக்கிட்டே என்னைய ஒரு பார்வை பாத்தாரு. டச் அண்ட் கோன்னாரு. எனக்குத் தெரிஞ்சது டச் போனு ஒண்ணுதான். டச்சுன்னா தொடுறது. கோன்னா போறது. சரி, தொட்டுட்டுப் போன்னு சொல்றாரு போலன்னு நெனச்சுட்டேன். நர்சுப் பொண்ணுகிட்ட, டாக்டரே சொல்லிட்டாரும்மான்னேன். அது என்ன நெனச்சுதோ, விட்டுடுச்சு.

கையப் புடிச்சேங்க. மவ காலேஜ் போறா, இத்தன வருசத்துல நாலு பேரு பாக்க அந்தக் கையப் புடிச்சதே இல்ல. கயிறு இழுத்துக் காச்சுப்போன கை, பஞ்சாட்டம் கெடந்துச்சு. வெரலு லேசா மடங்குச்சு, நெசமாத்தாங்க. செத்த நேரம் இருங்கக்கான்னு நர்சு கூட சொன்னுச்சு. நாந்தான், இல்லம்மா, டாக்டரு போகச் சொல்லிட்டாரு, பேச்ச மீறுனா அவர ஒழுங்காப் பாக்க மாட்டாங்கன்னு வெளிய வந்துட்டேன்.

இப்ப சொல்லுங்க.

ஓகோ. பொழச்சாலும் பொழைக்கலாம், போனாலும் போகலாமா. இழுபறின்னு அர்த்தமா.

அப்ப என்னையப் போகச் சொல்லலையா அவரு?

இல்லல்ல, அழுவலீங்க. காத்து. நீங்க ஏன் டீச்சர் கண்ணத் தொடைக்கிறீங்க?

அது என்ன சத்தம், பின்னாடி? வெள்ள வண்டியா? தலைல லைட்டு சுத்துதா? டிரைவர வயலோரமாக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க டீச்சர், அதுலதான் அவரு ஒடம்பக் கொண்டாறாங்க. ஆஸ்பத்திரில எழுத்து வேலையெல்லாம் முடிய நேரமாவும்னாங்க. மவ மீனாகிட்ட யாரும் போன்ல சொல்லிடாதீங்க, நானே முன்னாடி போயி, அவளப் பக்கத்துல உக்கார வச்சு சொல்லிக்கிறேன்னு பஸ் ஏறுனேன்.

முந்திட்டாங்க பாருங்க.