தண்ணி பாட்டில்

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் காலை பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை, தூக்கத்தில்.

"ஏனுங்க்கா, அந்தத் தண்ணி பாட்டிலக் கொஞ்சம் மறச்சு வெச்சுக்குங்க. பாப்பா முழிச்சாக் கேப்பா" என்றாள் தாய்.

"கேட்டாக் குடுத்துட்டுப் போறம். கொழந்தைக்குப் போயி..."

"இல்லீங்க்கா. இவளுக்கு ரத்த அணுவுல ஏதோ நோயி. யாருக்கோ ஒருத்தருக்குத்தான் வருமாம். எலும்பு, ஈரலு, தோலு எல்லாத்துலயும் பரவிருச்சு. வாராவாரம் ஊசி. மருந்து கேட்டாப் பொழச்சுக்குவான்னாரு டாக்டரு."

"கேக்குதுங்களா?"

"மேலுக்குப் புள்ளியெல்லாம் மறஞ்சுதுங்க. போன வாரம் ஊர்ல திருவிழாவுக்குக் காப்புக் கட்டிட்டாங்க. எல்லை தாண்டக்கூடாதுன்னு மாமனார் சொல்லிப்போட்டாரு. ஊசிக்குப் போவலீங்க. நேத்துத்தான் காப்பு அவுத்தாங்க, இன்னைக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

"அடக் கடவுளே. அதுக்கும் தண்ணிக்கும் என்னங்க?"

"தண்ணி நொம்பக் கேட்டா ஒடனே தூக்கிட்டு வரச் சொன்னாருங்க. நோயி மூளையத் தொட்டிருக்குமாம். அதான் கேக்க உடாமப் பாத்துக்கறேன்."

குழந்தை விழித்துக்கொண்டது. "தண்ணி."

அக்கா பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். குழந்தை மூச்சு விடாமல் முழுசையும் குடித்துவிட்டு, "இன்னும்" என்றது.

"வெயிலுங்க்கா" என்றாள் தாய். "வெயிலுக்குத்தான் கேக்கறா."

பனிமூட்டத்துக்கு ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். கண்டக்டர் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார்.